மருந்து இல்லை என்று நான் கொடுத்த பாட்டில்

என் மனைவியின் தம்பி கோயிலில் பொய்ச்சத்தியம் செய்தார் என்று ஓர் ஊரையே நம்ப வைத்தவன் நான். அவர் பொய் சொல்லவில்லை. அவர்மேல் சந்தேகம் விழக் காரணமாயிருந்த பொருளை அவர் கையில் கொடுத்தவனும் நான்தான். கொடுத்ததை வெளியே சொல்லாமல் இருந்தவனும் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு முட்டைப் பொடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். முட்டையை உடைத்து, சூடுபடுத்தி, காயவைத்துப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகம் என் பொறுப்பு. ஆன்டிபயாடிக் கொடுத்து வளர்த்த கோழியின் முட்டை வேண்டாம் என்று வாங்குபவர்கள் அப்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். மருந்தில்லாமல் கோழி வளர்க்கச் சம்மதிக்கும் ஆட்களைத் தேடும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். நான் என் மனைவியின் ஊருக்குப் போனேன்.

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். தென்னந்தோப்புக்கு நடுவே சின்னச் சின்னக் கோழி செட்டுகள் போட்டிருந்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர் என் மைத்துனர். பொதுக் கிணற்றில் மோட்டார் முறை யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தாலும், வேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்று சண்டை வந்தாலும் அந்த ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னால் இரண்டு பக்கமும் எழுந்து போய்விடும். அந்தச் சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் எங்களுக்கு முட்டை கொடுக்க வந்தார்கள். எல்லாருடைய முட்டையும் ஒரே லாரியில் ஏறும். ஒருவர் ஏமாற்றினாலும் மொத்தப் பேரையும் தள்ளிவிடுவோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம்.

முட்டைக்குள் மருந்து தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. அதனால் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். செட்டிலிருந்து கோழி எச்சத்தை எடுத்து வந்து, அதிலுள்ள குடல் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தடவிய சின்ன வட்டக் காகிதத்தை நடுவில் வைப்பேன். பாக்டீரியா செத்து, காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழுந்தால் அவர் நல்லவர். வளையம் விழாவிட்டால், அங்கே மருந்து புழங்கியிருக்கிறது. மருந்தைப் பார்க்காத பாக்டீரியாவுக்கு மருந்தைத் தாங்கும் பலம் எங்கிருந்து வரும்? அப்படித்தான் நினைத்தேன். படித்தவன் என்பதால் அதை ரொம்பத் தீர்மானமாகவே நினைத்தேன்.

முதல் சில மாதங்கள் எல்லாத் தட்டிலும் வளையம் விழுந்தது. பிறகு ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில் என் மைத்துனர் செட்டில் குஞ்சுகள் கழிந்து கழிந்து சாக ஆரம்பித்தன. மருந்து கொடுத்தால் நின்றுவிடும். கொடுக்கக் கூடாது. அவர் என் வீட்டுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார்.

என்னிடம் ஒரு வழி இருந்தது. பாக்டீரியாவைப் பிடிக்கும் வைரஸ்கள் உண்டு. அவை மனிதனையோ கோழியையோ ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதை வெடிக்கச் செய்துவிட்டு வெளியே வரும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால் இதையே மருந்தாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள் என்று கல்லூரியில் படித்திருந்தேன். யாரும் கேட்காமலே ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லடம் பக்கம் ஒரு பெரிய பண்ணையிலிருந்து எச்சம் வாங்கி வந்து, அதிலிருந்து வைரஸைப் பிரித்து, அதே பண்ணையின் பாக்டீரியாவிலேயே வளர்த்துப் பெருக்கினேன். அந்தப் பண்ணையில் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தோடு தீவனமாகக் கொட்டுவார்கள். அங்குள்ள பாக்டீரியா எந்த மருந்துக்கும் அசையாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் வைரஸ் அதில்தான் கொழுத்து வளர்ந்தது. பாக்டீரியா ஒன்றுகூடத் தப்பாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, தண்ணீர்போலத் தெளிந்த திரவத்தைப் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தேன்.

அதில் ஒரு பாட்டிலை அவரிடம் கொடுத்தேன். "இது மருந்து இல்லீங்க மாப்ளே. குடிக்கிற தண்ணில ஊத்தி விடுங்க. ஆனா யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றேன். தொழிற்சாலையில் அனுமதி வாங்காமல் செய்த வேலை அது. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மருந்து இல்லீன்னா என்னத்துக்குங்க மாமா மறைக்கோணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு அதெல்லாம் புரியாது என்கிற மாதிரி ஏதோ சொல்லி அனுப்பினேன்.

குஞ்சுகள் பிழைத்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த முறை அவர் செட்டு எச்சத்தைத் தட்டில் போட்டேன். வளையம் விழவில்லை.

மற்றவர்கள் தட்டில் எல்லாம் வளையம் இருந்தது. அவருடையதில் மட்டும் மருந்துக் காகிதத்தை ஒட்டியே பாக்டீரியா மண்டிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்த எண்ணம், குஞ்சுகளைக் காப்பாற்றியது என் பாட்டில் இல்லை, இந்த ஆள் கமுக்கமாக மருந்தும் போட்டிருக்கிறார் என்பதுதான். அந்த எண்ணத்தில் கொஞ்சம் அடிபட்ட கர்வமும் இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அதிலிருந்து நான் ஒரு துப்பறிகிறவன் ஆனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை அழைத்துக்கொண்டு போவேன். அக்காவும் தம்பி பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் செட்டுக்குப் பின்னால் குப்பையைக் காலால் கிளறுவேன். ஒருநாள் கிழிந்த மருந்துப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. மாட்டுக்கு மடிவீக்கம், அதற்கு டாக்டர் கொடுத்தது என்றார் மைத்துனர். போய்ப் பார்த்தேன். மாட்டின் மடி வீங்கித்தான் இருந்தது. மாட்டுக்கு என்று வாங்கினால் கோழிக்குக் கொடுக்க முடியாதா என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் கோழிகள் குடிக்கிற தண்ணீர் மஞ்சளாக இருந்தது. டெட்ராசைக்ளின் பொடியும் மஞ்சள்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வெறும் மஞ்சள்தூள். அதிலும் எனக்கு நிம்மதி வரவில்லை. மருந்தின் நிறம் தெரியாமலிருக்க மஞ்சளைக் கலக்குகிறார் போலிருக்கிறது என்று தோன்றியது. தீவன லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். பலசரக்குக் கடையில் விசாரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, எங்க ஊட்டுக்கு வந்தா நீங்க மனுசரப் பாக்கறீங்களா, குப்பையப் பாக்கறீங்களா?"

அவர் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிடும் முட்டைகளையும் விடவில்லை. ஓட்டைத் துடைத்த பஞ்சைத் தட்டில் தடவினேன். மருந்துக்கு அடங்காத அதே பாக்டீரியா. என் வீட்டு அரிவாள்மணையைத் துடைத்தெடுத்தேன். அதிலும் இருந்தது. என் மனைவி அந்த அரிவாள்மணையில்தான் வெள்ளரிக்காய் அரிந்து எனக்குப் பச்சையாகத் தட்டில் வைத்திருந்தாள். சொந்த அக்கா வீட்டுச் சமையலறைக்குள்ளேயே இதைக் கொண்டுவந்து விட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அரிவாள்மணையில் இருந்தது வேறு இனப் பிரிவு, செட்டில் இருந்தது வேறு என்பதை, பாக்டீரியா எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்று பார்க்கும் சோதனை காட்டியது. தாங்கும் பலம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு ஆள் கிடைத்துவிட்டார், காரணத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

கோழிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்கள் கொதித்தார்கள். என் மைத்துனர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: மருந்து கொடுக்கவில்லை. பாட்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது மருந்து அல்ல என்பதால் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேலை போய்விடும் என்ற பயம்.

மேலாளர் முத்திரைத்தாளில் எழுதி வாங்கலாம் என்றார். நான்தான் குறுக்கே விழுந்து, தாளில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லலாம் என்றேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் மீற மாட்டார்கள். எனக்குக் கோயில் குளத்தில் நம்பிக்கை கிடையாது. அவர்களுடைய நம்பிக்கையை ஆய்வகக் கருவிபோல எடுத்துப் பயன்படுத்தினேன்.

ஒரு காலை வேளையில் மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் நின்றார்கள். சூடம் எரிந்தது. என் மைத்துனர் கையை ஓங்கினார், உடனே அணைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோயில் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டவன் பார்க்கிற பார்வை என்று அவர் பார்த்ததை மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அவர் சூடத்தை அடித்து அணைத்து, கோழிக்கு மருந்து கொடுக்கவில்லை என்றார். எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு கலைந்தார்கள். பிரச்சினை அதோடு முடிந்ததாகவே ஊர் நினைத்தது.

நான் விடவில்லை. சில நாள் கழித்து மறுபடி எச்சம் எடுத்து வந்து பார்த்தேன். வளையம் இல்லை. அந்தத் தட்டைக் கோழிக்காரர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நான் ஒன்னுஞ் சொல்லலீங்க, தட்டு சொல்லுது" என்றேன். தொழிற்சாலை அத்தனை பேரையும் தள்ளிவிட்டது. அவர்களுக்குப் போன வருமானம் ஒரு பக்கம். என் மைத்துனருக்குப் போனது வேறு. சாமி முன்னால் பொய் சொன்னவன் என்று ஆகிவிட்டது. கிணற்று முறைத் தகராறு ஒன்று அடுத்த மாதமே வந்தது. அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அவர் வீட்டைத் தாண்டித்தான் அந்த ஆள் வண்டியில் போனார் என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டில்களில் ஒன்று ஆய்வகக் குளிர்பெட்டியில் மீதி இருந்தது. மறு வருடம் பெட்டி பழுதாகிச் சாமான்களை வெளியே எடுத்தபோது கையில் அகப்பட்டது. கொட்டிவிடப் போனவன், ஏனோ ஒரு சோதனை செய்தேன். கல்லூரியிலிருந்து வாங்கி வந்து ஆய்வகத்தில் நான் பேணி வந்த பாக்டீரியா ஒன்று இருந்தது. அது எந்தப் பண்ணையையும் பார்த்ததில்லை, துளி மருந்தில் செத்துப்போகும். டெட்ராசைக்ளின் கலந்த மூன்று தட்டுகள் எடுத்தேன். ஒன்றில் அந்தப் பாக்டீரியாவை மட்டும் தடவினேன். ஒன்றில் பாட்டில் திரவத்தை மட்டும். மூன்றாவதில் இரண்டையும் கொஞ்ச நேரம் கலந்து வைத்துவிட்டுத் தடவினேன்.

மறுநாள் முதல் இரண்டு தட்டும் துடைத்தாற்போல் சுத்தம். மூன்றாவதில் கடுகு கடுகாகப் புள்ளிகள் முளைத்திருந்தன.

புள்ளிகளை இரண்டு முறை எண்ணினேன். புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிய விஷயம்தான் இது. ஒரு வீட்டில் விருந்தாளி தங்கிவிட்டு, கிளம்பும் அவசரத்தில் தன் துணிமணிக்குப் பதிலாக அந்த வீட்டுச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் இறங்குவதை நினைத்துக்கொள்ளலாம். வைரஸ் பாக்டீரியாவுக்குள் பெருகிப் பொதியும்போது, எப்போதாவது ஒன்று தன் மரபுப்பொருளை விட்டுவிட்டு அந்தப் பாக்டீரியாவின் துண்டைப் பொதிந்துகொள்ளும். அது அடுத்த பாக்டீரியாவுக்குள் போனால் கொல்லாது. கொண்டுவந்ததைக் கொடுத்துவிடும். பல்லடத்துப் பண்ணையின் பாக்டீரியா வருடக்கணக்கில் மருந்து தின்று பழகிய பலத்தை, என் வைரஸ் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது. வடிகட்டி பாக்டீரியாவைத்தான் நிறுத்தும், மூட்டையை நிறுத்தாது. அதைத்தான் நான் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது என்று மைத்துனரிடம் கொடுத்திருந்தேன். செட்டில் ஒரு பாக்டீரியா, முட்டை ஓட்டில் ஏறி என் வீட்டு அரிவாள்மணையில் இன்னொன்று என்று அந்தப் பலம் கை மாறியிருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஈ கொண்டுவந்திருக்கலாம், எலி கொண்டுவந்திருக்கலாம், எரு லாரியின் சக்கரத்தில் வந்திருக்கலாம். ஆனால் அவர் மருந்து கொடுக்காமலே அது வர வழி இருந்தது என்பது அந்த மூன்றாவது தட்டில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பல மாதம் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முதல் தவறுக்கு அறியாமையைச் சொல்லலாம். இந்த மாதங்களுக்கு அப்படி எதையும் சொல்ல முடியாது.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டான். பாட்டில மாமா குடுத்தாரு, அவரே சொல்லட்டும்னு இருக்கறேன்னு" என்றாள். இருவரும் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

பரிகாரம் என்று நான் நினைத்ததைச் செய்தேன். காலையில் பால் ஊற்றிவிட்டு எல்லாரும் நிற்கிற பால் சொசைட்டி முன்னால், மைத்துனரையும் வரச் சொல்லிவிட்டு, சோதனையைத் திரும்பச் செய்து எடுத்துப்போன மூன்று தட்டுகளையும் வைத்து நடந்ததைச் சொன்னேன். பாட்டிலை நான் கொடுத்தேன், மறைக்கச் சொன்னதும் நான், அவர் மருந்து கொடுக்கவில்லை, தவறு என்னுடையது என்றேன்.  முன்பு எங்கள் லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: "அப்பிடீன்னா பூச்சிக்குள்ள ஒரு பூச்சி பூந்து களவாண்டு போட்டுதுங்களா? அன்னைக்குத் தட்டு சொல்லுதுன்னீங்க. இன்னைக்கும் தட்டுதான் சொல்லுதுங்களா?" பலர் சிரித்தார்கள். மச்சினனைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று ஒருவர் பின்னால் முணுமுணுத்தார். இன்னொருவர் நேராகவே மைத்துனரைப் பார்த்து, என்னவோ ஊற்றியது நிஜம்தானே என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அவர்மீது இருந்தது சந்தேகம். எதையோ ஊற்றினார் என்பதற்கு நானே சாட்சி கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

மைத்துனர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "ஊத்துனேனுங்க. மருந்து இல்லீன்னு மாமா சொன்னாரு, நம்புனேன். சூடத்துக்கு முன்னால அவரத் திரும்பிப் பாத்தேன். அதையும் சேத்துச் சொல்லட்டுமான்னு கேக்கத்தான் பாத்தேன். அவரு அக்கட்டால பாத்தாரு. நானும் சொல்லாம உட்டுப்போட்டேன். மறைச்சு வெச்சுட்டு அடிச்ச சூடம் எனக்கே சரியாப் படலீங்க." சொல்லிவிட்டுத் தன் பால் கேனை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அந்த ஊரில் அவரைப் பஞ்சாயத்துப் பேசக் கூப்பிடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சிலர் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் கூப்பிடவில்லை. அவர் கோழிகளை விற்றுவிட்டு, செட்டில் தேங்காய் போட்டு வைத்தார். நான் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே தெரிய வேண்டாம் என்றார். சில வாரத்தில் நானே வேலையை விட்டேன். பல்லடத்துப் பண்ணைக்குப் போய், உங்கள் எச்சத்தில் இருப்பது உங்கள் வேலிக்குள் நிற்காது என்று சொன்னேன். டீ கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பண்ணையின் கோழி எரு மேட்டுப்பாளையம் வழியாக மலைத் தோட்டங்களுக்கு, உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. இன்றும் மண் ஒட்டிய கேரட்டைக் கையில் எடுத்தால் அதில் யார் ஏறி வந்திருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன். முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வேறெதையும் தொடுவதில்லை. மனிதர்களைச் சந்தேகப்படுவதை மட்டும் நிறுத்தப் பார்க்கிறேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை.

சில வருடம் கழித்து மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அந்த ஊருக்குப் போயிருந்தோம். மைத்துனருக்கு மண்வெட்டி பட்டுக் கால் வீங்கியிருந்தது. என் பையில் ஆன்டிபயாடிக் மாத்திரை இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுல என்னங்க மாமா இருக்குது?"

சொன்னேன். எதற்குக் கொடுப்பார்கள், எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று எல்லாம் சொன்னேன்.

"தெரிஞ்சதெல்லாஞ் சொல்லிப்போட்டீங்க. தெரியாதது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் குரலில் கேலி இல்லை. நான் யோசித்தேன். உங்கள் புண்ணில் எந்தக் கிருமி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அது இந்த மருந்துக்கு அடங்குமா என்று தெரியாது, அடங்காவிட்டால் இதைத் தின்று என்ன ஆகும் என்றும் சரியாகத் தெரியாது என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். மாத்திரையை என் கையிலேயே திருப்பி வைத்தார். பொள்ளாச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு அடுத்த பஸ் எப்போது என்று தன் அக்காவிடம் கேட்டார்.

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பஸ் வந்தபோது நோம்பிக் கூட்டம் முட்டி மோதியது. காலை இழுத்துக்கொண்டே அவர் எனக்கு முன்னால் ஏறிவிட்டார். நான் நெருக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தார்.